பாடத்தில் வருகிற பெண்

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் ஊமைக்கோட்டான் எழுதுவது. இங்கே நானும் இவரும் குட்டியும் நலம். அங்கே நீயும் உன் புது வீடும் உன் தொண்டையும் நலமா? தொண்டையைத் தனியாக விசாரிக்கக் காரணம் உண்டு. உனக்குச் சோறு போடுவது அதுதானே.

போன் இருக்கும்போது எதற்குடி கடுதாசி என்று கேட்பாய். போனில் எனக்கும் சேர்த்து நீயே பேசிவிடுகிறாய். போன தடவை நீ வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் மொத்தமாகச் சொன்னது "ம்", "அப்படியா", "சரி, வச்சிடட்டுமா". அவ்வளவுதான். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே புக முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குள் இதுதானே ஏற்பாடு. பேச்சுப் போட்டிக்கு நான் எழுதித் தருவேன், நீ மேடை ஏறுவாய். கோப்பை உன் வீட்டு அலமாரிக்குப் போகும். நீ எனக்கு ஐஸ் வாங்கித் தருவாய். அதில் எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் எழுதிய வரிக்கு எல்லோரும் கைதட்டுவதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

செய்திக்கு வருகிறேன். உன் வகுப்பு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வருகிறது! நோட்டீஸ் போர்டில் உன் படம். 'பணியிடத்தில் தெளிவாகப் பேசுவது எப்படி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே நீ கோட்டு மாட்டிக்கொண்டு கைகட்டி நிற்கிறாய். நீ கைகட்டி நின்று நான் இதுவரை பார்த்ததில்லை. லேப்காரர் ஒருவர் நின்று படித்துக்கொண்டிருந்தார். இவள் என்னோடு படித்தவள், எங்கள் பிரிவிலேயே வேலை பார்த்தவள் என்று சொன்னேன். அவர் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓ" என்றார். நம்பின மாதிரி தெரியவில்லை. இருக்கட்டும். நான்தான் முதல் ஆளாகப் பேர் கொடுத்திருக்கிறேன்.

பேர் கொடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று குட்டி. அவள் அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாள். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று அழுகிறாளாம். டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, வீட்டில் யாரும் பேச மாட்டீர்களா என்று கேட்டார். இவர் என்னைக் காட்டி, "இவ பேசாம இருக்கறதாலதான் டீச்சர் எங்க குடும்பம் இத்தனை வருஷம் ஓடுது" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. இப்போது குட்டி பள்ளி விட்டு வந்ததும் உன் வீடியோக்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். சித்தி மாதிரி பேசணும் என்கிறாள். நீ திரையில் கையை ஆட்டினால் இங்கே இவளும் ஆட்டுகிறாள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

இரண்டாவது காரணத்தை எழுதினால் நீ திட்டுவாய். ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் இன்சார்ஜ் அக்கா ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நேர்காணல் வைக்கிறார்கள். நான் மேட்ரனைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மாதிரிதான். "உனக்குத் தகுதி இருக்கு, அனுபவம் இருக்கு. ஆனா அந்தப் பழைய விசாரணை உன் தலைமேல நிக்குதே" என்றார். அன்றைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் வந்து ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால், தானே மேலே பேசுவதாகவும் சொன்னார். எதிர்ப்பக்கம் என்று அவர் சொன்னது உன்னை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீ ஊர் ஊராகச் சுற்றுகிறவள். மறந்திருப்பாய் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் ஆபரேஷன் கருவிகளை ஆவியில் சுத்தம் செய்கிற மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எனக்குக் காலை ஷிப்ட், உனக்கு மதியம். அப்போதெல்லாம் ஒப்படைப்பு வாய்ப்பேச்சில்தான். போகிறவள் வருகிறவளிடம் மெஷின் முன்னால் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அன்று மூன்றாவது மெஷினின் கதவு ரப்பர் கீழ் மூலையில் பிய்ந்து ஆவி கசிந்தது. நான் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன். கிளம்பும்போது உன்னிடமும் சொன்னேன். நீ அதே மெஷினில் கருவிகளை வைத்தாய். மேலே தியேட்டரில் நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்தபோது கருவி சுத்தமானால் நிறம் மாற வேண்டிய அட்டை உள்ளே மாறாமல் அப்படியே இருந்தது. நல்ல வேளை, அவர் கண்ணில் பட்டது. பட்டினி போட்டுப் படுக்க வைத்திருந்த நோயாளியைத் திரும்ப வார்டுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

விசாரணையில் உன்னைத்தான் முதலில் கேட்டார்கள். "நான் உள்ள வந்தப்போ இவ கிளம்பிப் போயிட்டா சார். நான் இவளப் பாக்கவே இல்ல" என்றாய். பிறகு என் முறை. மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சொன்னேன்னுதான் நினைக்கிறேன்" என்றேன். அதைப் பிடித்துக்கொண்டு, நினைக்கிறாயா, சொன்னாயா என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். மறுநாளே என்னைத் துணி மடிக்கிற அறைக்கு அனுப்பினார்கள். அந்த நாளை நான் அடிக்கடி நினைப்பதில்லை. துணி மடிக்கும்போது மட்டும்தான் நினைக்கிறேன், அதாவது தினமும்.

உன்மேல் தப்பு சொல்லவில்லை, ரேடியோ. தினமும் அதே கதவு, அதே நேரம், அதே முகம். எந்த நாள் எது என்று உனக்குக் குழம்பியிருக்கும். நீ தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டே தலையாட்டினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த இரைச்சலில் என் குரல் உனக்குக் கேட்டிருக்காது. தொப்பி சரியாக உட்காரவில்லை என்றுகூடத் தலையை ஆட்டியிருப்பாய். இவர் ஏதாவது முணுமுணுக்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லி அடக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ கொடுத்த யோசனைதானே இப்போது எல்லாப் பிரிவிலும் நடக்கிறது? சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது. அதைப் பார்த்துத்தான் உன்னைப் பயிற்சிப் பிரிவுக்கு எடுத்தார்கள், அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கே போனாய். எனக்குப் பெருமைதான்.

நீ மேட்ரனிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அன்னைக்கு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, அவ சொல்லியிருக்கலாம்" என்று. அதனால் உனக்கு ஒரு குறைவும் வராது. வகுப்பில் உன் பேரைக் காப்பாற்றும்படி நன்றாகக் கவனிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன்,
ஊமைக்கோட்டான்

---

சிநேகிதிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. வகுப்பு முடிந்து வந்து, உடை கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கிறது. கொதிக்கட்டும்.

வகுப்பு மாடியில் மீட்டிங் ஹாலில் நடந்தது. வார்டு ஆயாக்கள், லேப்காரர்கள், லிப்ட் இயக்குகிறவர், வரவேற்பில் உட்காருகிற பெண் எல்லோரும் வந்திருந்தார்கள். மேட்ரனும் பின்னால் வந்து உட்கார்ந்தார். நடத்த வந்தவர் ஒரு குறுந்தாடிக்காரர், உன் சிஷ்யராம். காலையில் நன்றாகத்தான் போயிற்று. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கேட்ட கேள்விக்கு முதலில் பதில், பிறகு காரணம், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். குட்டிக்குச் சொல்லலாம் என்று எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களிடம், இதெல்லாம் என் சிநேகிதி கண்டுபிடித்தது என்று மெல்லச் சொன்னேன். அத்தனை பெருமை எனக்கு!

மதியத்துக்குப் பிறகு திரையில் நீ வந்தாய். ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நீ ஒரு கதை சொல்லப்போவதாகச் சொன்னாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார்.

"என்கூட ஒரு அம்மா வேலை பாத்தாங்க. நல்லவங்கதான், ஆனா எது சொன்னாலும் வாய்க்குள்ளயே சொல்லுவாங்க. ஒரு நாள் ஷிப்ட் மாத்தற நேரம். அவங்க செருப்பு வார் அறுந்துபோச்சு. ஒரு கையில செருப்பு, ஒரு கையில பை. நொண்டிக்கிட்டே என்கிட்ட வந்து, 'மூணாவது மெஷின் கதவு ஒரு மாதிரியா இருக்கு, பாத்துக்க'ன்னு முணுமுணுத்துட்டு ஓடிட்டாங்க. என்ன மாதிரி? எதப் பாத்துக்கணும்? அந்த ஒரு முணுமுணுப்பால ஒரு உயிரே போயிருக்கும்."

நொண்டியும் காட்டினாய். ஹாலே சிரித்தது. நானும் ஒரு நொடி சிரித்தேன், பழக்க தோஷம்.

அப்புறம்தான் செருப்பு எனக்கு உறைத்தது. அந்தச் செருப்பு அன்றைக்குத்தான் அறுந்தது. குட்டிக்குக் காய்ச்சல், உடனே வாங்க என்று அப்போது அவள் போய்க்கொண்டிருந்த மழலையர் பள்ளியிலிருந்து போன் வந்திருந்தது. வேகமாக உன்னிடம் வரும்போது தண்ணீர்க் குழாய் தடுக்கி, உன் கண் முன்னால்தான் வார் அறுந்தது. வாசலில் குப்பைத் தொட்டியில் இரண்டையும் போட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினேன். அந்த அமர்க்களத்தில் இவரிடம்கூட அதைச் சொல்லவில்லை. விசாரணையில் யாரும் செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. உலகத்தில் அது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். நீ வரும்போது நான் கிளம்பிப் போய்விட்டேன் என்றாயே, என்னைப் பார்க்கவே இல்லை என்றாயே. போய்விட்டவளின் செருப்பு அறுந்தது உனக்கு எப்படித் தெரிந்தது?

உனக்குக் கேட்டிருக்கிறது. தலையாட்டினது எனக்குத்தான். இத்தனை வருஷமும் நீ மறந்துவிட்டாய், குழம்பிவிட்டாய், காது கேட்கவில்லை என்று நானே உனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். இவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இன்சார்ஜ் அக்கா ஒரு முறை உன்னைப் பற்றி ஏதோ சொல்லப்போய், நான் அவரிடம் பல நாள் பேசாமல் இருந்தேன். எல்லாம் உனக்காக.

நான் முணுமுணுக்கவும் இல்லை. நான் சொன்னது இதுதான்: "மூணாவது மெஷின் கதவு ரப்பர் கீழ பிஞ்சிருக்கு, ஆவி போவுது. மெக்கானிக் வர்ற வரைக்கும் அதுல எதையும் வைக்காத." துணி மடிக்கும்போதெல்லாம் இதைத்தான் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருவேளை நான்தான் சொல்லாமல் போய்விட்டேனோ என்று. என்னையே நான் சந்தேகப்பட்டிருக்கிறேன், உன்னைச் சந்தேகப்பட மனமில்லாமல்.

அதோடு முடிந்ததா? இல்லை. கதையை நடித்துக் காட்ட வேண்டும் என்றார் குறுந்தாடிக்காரர். கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். என்னைக் கூப்பிட்டார். "வாங்கம்மா, நீங்கதான் அந்த அம்மா. செருப்பக் கையில எடுத்துக்கங்க, அப்பத்தான் நல்லா இருக்கும்" என்றார். வரவேற்புப் பெண் நீயாக நின்றாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஏன் மறுக்கவில்லை என்று கேட்காதே. எனக்கு மறுக்க வராது என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்?

அங்கே நின்று அவள் கண்ணைப் பார்த்து, அன்றைக்குச் சொன்னதையே சொன்னேன். ரப்பர், ஆவி, மெக்கானிக், எதையும் வைக்காதே. காலையில் படித்தபடி கணீரென்று சொன்னேன். குறுந்தாடிக்காரர் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "ஐயோ இல்லம்மா, இவ்வளவு தெளிவாச் சொல்லிட்டா அப்புறம் பாடமே இல்லியே! முணுமுணுக்கணும். தலையக் குனிஞ்சிக்கிட்டு, பாதி சொல்லிட்டு ஓடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை நான் குனிந்து முணுமுணுத்தேன். ரொம்ப இயல்பாக நடித்தேன் என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். மேடையில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல் அது.

பிறகு அந்த அம்மா செய்த தப்புகளை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பொறுப்பில்லை என்றார்கள், அவசரம் என்றார்கள், பயந்த சுபாவம் என்றார்கள். ஒரு வார்டு ஆயா மட்டும் எழுந்து, "அவங்க சொன்னது புரியலன்னா, கேட்டவங்க 'என்னம்மா'ன்னு திருப்பிக் கேட்டிருக்கலாமில்ல?" என்றாள். நல்ல கேள்வி, பிறகு பார்ப்போம் என்று குறுந்தாடிக்காரர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்த ஆயாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

வெளியே வரும்போது மேட்ரனை நிறுத்தி, அந்த அம்மா நான்தான் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "தெரியும்மா. பாடத்துக்குச் சொன்ன கதை சாட்சி ஆகாது, பேரும் சொல்லலியே, விடு" என்றார். விடு! நீ சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்னும் காத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை நேர்காணல்.

இப்போது நான் கேட்பது போன கடிதத்தில் கேட்டது இல்லை. ஞாபகம் இல்லை என்று நீ சொல்ல வேண்டாம். ஞாபகம் இருக்கிறது என்று சொல். அவள் சொன்னாள், நான் கேட்டேன் என்று மேட்ரனிடம் சொல். அவ்வளவுதான். சோறு அடிப்பிடிக்கிற வாடை வருகிறது. நிறுத்துகிறேன்.

உன்னோடு படித்தவள்

---

சிநேகிதிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. துணி உலர்த்துகிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். நல்ல குரல் உனக்கு, அதை யாரும் மறுக்க முடியாது. கேட்கிற வரைக்கும் நீ சொல்வதுதான் சரி என்று தோன்றிக்கொண்டே இருந்தது. முடிந்த பிறகுதான் வயிறு எரிந்தது.

பேர் சொல்லவில்லையே என்றாய். பாடத்துக்காகக் கொஞ்சம் மாற்றினாய் என்றாய். இதைக் கேட்டுத் திருந்தியவர்கள் எத்தனையோ பேர், நல்லபடியாக எடுத்துக்கொள் என்றாய். "அன்னைக்கு நானும் மாட்டியிருந்தா ரெண்டு பேரும் வெளியதான். ஒருத்தியாவது மேல வந்தா இன்னொருத்தியத் தூக்கி விடலாம்னுதான்டி நெனச்சேன்" என்றாய். இத்தனை வருஷமாக அந்தக் கை நீளவில்லையா? தூக்கிவிடத்தான் என் செருப்பைத் திரையில் காட்டி ஊரெல்லாம் சிரிக்க வைத்தாயா? திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு பேச்சில் ஓர் இடத்திலாவது 'நீ சொன்னாய்' என்ற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதன் பக்கத்தில் போய்ப் போய் விலகியிருக்கிறாய். வேண்டுமென்றே செய்கிறவர்களால்தான் அப்படி முடியும்.

மேட்ரனுக்கு நீ போன் செய்யவில்லை. அவரே கூப்பிட்டதற்கும், உனக்கு வேலை அதிகம் என்று உன் அலுவலகத்திலிருந்து யாரோ பதில் சொன்னார்களாம். வெள்ளிக்கிழமை நானே போனேன். அதே ஹால், அதே மாதிரி மேஜை. பழைய விஷயத்தைக் கேட்டார்கள். "சொன்னேன் சார்" என்றேன். நினைக்கிறேன் என்ற வால் இல்லாமல் சொன்னேன். அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். யாராவது சாட்சி உண்டா என்று கேட்டார்கள். ஒரே ஒருத்திதான், அவள் இப்போது ஊரில் இல்லை என்றேன். நன்றி சொல்லி அனுப்பினார்கள். அந்த இடம் வேறொருத்திக்குப் போயிற்று. நல்ல பெண்தான், வேலை தெரிந்தவள். நேற்று என்னிடம் வந்து, "அக்கா, நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்" என்றாள். சரி என்றேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்த இடத்தைப் பற்றி இனி உனக்கு எழுத மாட்டேன்.

இப்போது எழுதுவது குட்டிக்காக.

பள்ளியில் பெற்றோர் தினம் வருகிறது. நன்றாகப் பேசுவதைப் பற்றி ஏதாவது ஒரு கதையைச் சொல்லி நடிக்க வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, குட்டி தானாகவே பேர் கொடுத்திருக்கிறாள். டீச்சர் எனக்குப் போன் செய்து, "உங்க பொண்ணுதானா இது?" என்று கேட்டார். வாசிக்க எழுந்தாலே அழுதவள், வகுப்பு முழுக்கப் பார்க்கக் கையைத் தூக்கினாளாம். இவர் தன் அண்ணன் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை. என்ன கதை என்று கேட்டதற்கு, சர்ப்ரைஸ் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். என் பழைய செருப்பு ஒன்று அவள் கையில். நொண்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "மூணாவது மெஷின் கதவு ஒரு மாதிரியா இருக்கு, பாத்துக்க" என்று முணுமுணுக்கிறாள். வகுப்பில் காட்டிய அந்தக் கதை உன் வீடியோக்களிலும் இருக்கிறதாம், அதைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். ஆனால் குரல் உன்னுடையது இல்லை. உன்னால்கூட என் குரலை அவ்வளவு சரியாகக் கொண்டுவர முடியவில்லை. கேலி செய்ய ஒரு குரல் வேண்டும் என்று தேடியிருக்கிறாள், வீட்டில் தினமும் கேட்கிற குரல் வாயில் வந்திருக்கிறது. அது யார் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாப்பிடும்போது எங்களுக்கு நடித்துக் காட்டினாள், ஆவலை அடக்க முடியவில்லை அவளுக்கு. நடித்துவிட்டு, "அம்மா, இப்படி ஒரு மக்கு நிஜமாவே இருந்திருப்பாங்களா?" என்று கேட்டாள். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவருக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் கண்ணைக் காட்டினேன். அவளிடம், "நல்லா இருக்குடி. கடைசி வரியில அவசரப்படற, கொஞ்சம் நிறுத்திச் சொல்லு" என்றேன். நிறுத்திச் சொல்லிக் காட்டினாள். இன்னும் நன்றாக வந்தது.

பாத்திரம் கழுவும்போது இவர் வந்து பக்கத்தில் நின்றார். குழந்தையிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றார். எப்படிச் சொல்வது? நீ கேலி செய்கிற அந்த மக்கு உன் அம்மாதான், உனக்குக் காய்ச்சல் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு வரத்தான் அப்படி ஓடினாள் என்று சொன்னால் அவளுக்கு என்ன ஆகும்? பிறந்ததிலிருந்து இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள். திறந்த வாயை நானே மூடுவேனா? என் வயிற்றில் பிறந்தவள், எனக்குத் தெரியும். ஒரு தடவை சுருண்டால் அவள் நிமிர மாட்டாள். சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை அவள் மேடையில் என்னை நடிப்பாள், நான் கீழே உட்கார்ந்து கைதட்டுவேன். பிறகு என்றைக்காவது யாராவது அவளிடம் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் பழைய ஆட்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்தால் எனக்குக் கை ஓடவில்லை.

இரண்டையும் வைத்துக்கொண்டு எத்தனையோ விதமாக யோசித்தேன். நான் சொன்னால் சரியாக வராது. இவர் சொன்னால் உன்னைத் திட்டுவதில் முடியும். அவள் தெய்வமாக நினைப்பது உன்னைத்தான். உன் வாயால் வந்தால் அவள் கேட்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் குட்டி உனக்குப் போன் செய்வாள். இதை இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன், அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். நடிப்பில் திருத்தம் கேட்க வேண்டுமாம், பள்ளிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் உன் நம்பரைத்தான் கேட்டாள். கொடுத்திருக்கிறேன். அந்த அம்மா யார் என்று சித்தியிடமே கேள் என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்பாள்.

சொல். பொய் சொன்னதையும் சொல், யார் ஓடினது, எதற்கு ஓடினது என்பதையும் சொல். ஆனால் அவள் வாய் மூடிவிடாதபடி சொல். அவள் தப்பு எதுவும் செய்யவில்லை என்று அவளுக்குப் புரிகிற மாதிரி, வேறு கதையை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அவள் எப்படியும் மேடை ஏறுகிற மாதிரி சொல். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். இந்த உலகத்தில் அப்படிச் சொல்லத் தெரிந்த ஒரு ஆளை எனக்குத் தெரியும் என்றால் அது நீதான். இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

மேட்ரனிடம் சொல்லச் சொல்லி இனி உன்னைக் கேட்க மாட்டேன். அந்த வீடியோவை எடுத்துவிடு என்றும் கேட்க மாட்டேன். உனக்கு மேலும் மேலும் உயர்வு வரட்டும், நோய் நொடி இல்லாமல் இரு. வியாழக்கிழமை போன் அடித்தால் எடுத்துவிடு. முதலில் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. யாரும் இல்லை என்று வைத்துவிடாதே. அவள் இருப்பாள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா